இமை ஏன் பாம்பாய் நெளிகிறது?

"பையனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்த நாலாம் நாள் வலது மேலிமை வீங்கிவிட்டது. கண்கட்டி என்று மாமியார் நாமக்கட்டி உரசிப் போடுகிறார். போடலாமா?" ஒரு வாசகியின் கேள்வி இது.

வேண்டாம். காய்ந்து உதிரும் மண் துகள் கருவிழியை உராயலாம். அதோடு இது கண்கட்டிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். கண்கட்டி இமைமயிர் ஓரத்தில் சின்னக் கொப்புளமாகத் தட்டுப்படும். மூக்கை ஒட்டிய மூலையில் வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தால் அது கண்ணீர் மூக்குக்கு வடியும் வழியில் உள்ள கண்ணீர்ப் பையின் தொற்று. கண்ணீரைச் சுரக்கும் சுரப்பியோ எதிர்ப்பக்கம், புருவத்தின் வெளிமுனைக்குக் கீழே ஓர் எலும்புக் குழியில், பாதாம் பருப்பு அளவில் இருக்கிறது. உங்கள் பையனுக்கு வீங்கியிருப்பது இதுவாகவும் இருக்கலாம்.

அதன் அமைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இமையைத் தூக்கும் தசையின் நாண் விசிறியாக விரிந்து வந்து, அந்தச் சுரப்பியை மேல்மடல், கீழ்மடல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேல்மடலில் ஊறும் கண்ணீரும் கீழ்மடல் வழியாகத்தான் கண்ணுக்கு இறங்கியாக வேண்டும். அவ்வளவு நெருக்கமாக இமையோடு பின்னிக் கிடக்கும் சுரப்பி வீங்கினால் என்ன ஆகும்? மேலே எலும்பு, விலக இடமில்லை. கீழ்நோக்கித்தான் தள்ளும். இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு தாழும். மூக்குப் பக்கம் பழைய உயரத்திலேயே நிற்கும். வில்லாக இருந்த விளிம்பு பாம்பாய் நெளியும். இந்த நெளிவைக் கண்டதுமே கண் மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும், சிவந்திருக்கும், நீர் வடியும், காதுக்கு முன்னால் நெறி கட்டும்.

பொன்னுக்குவீங்கிக்கும் இந்தச் சுரப்பி வீக்கத்துக்கும் உறவு உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கும் அந்த வைரஸ் சிலருக்குக் கண்ணீர்ச் சுரப்பியையும் விடுவதில்லை. வெந்நீர் ஒத்தடத்தோடு பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். பாக்டீரியா காரணமென்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்று இன்னும் நம்புகிறோம். வைரஸுக்குப் பொன் எது, பித்தளை எது? தடுக்க வல்லது தடுப்பூசி. 2017-ல் நாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கு இடமில்லாமல் போனது எனக்குத் தீராத வருத்தம். அதையும் சேர்க்கும் செலவு வீண் செலவே அல்ல.

வலியே இல்லாமல் இரண்டு கண்ணிலும் வாரக்கணக்கில் வீக்கம் நின்றால் அது வேறு கதை. உடலின் பல உறுப்புகளில் சிறு அழற்சித் திரள்களை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்ற நோய்கள் அப்படித்தான் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டியிருக்கும்.

உங்கள் பையனைக் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விழி முன்னால் பிதுங்கினாலோ, அசைக்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள்.