டிபி மாத்திரையை விட்டுவிட்டுப் போடாதீர்கள்

"மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு டாக்டர், அதான் கேக்கல." இந்த வாரமும் ஒருவர் சொன்னார். இருமல் நின்றதும், நினைத்த நாளில் மட்டும் மாத்திரை போட்டவர். டிபி கிருமியையும் அதன் மருந்து எதிர்ப்பையும் கண்டுபிடிக்கும் சிபிநாட் கருவியில் சளியை வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது: டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யாது.

பழகியது உங்கள் உடம்பு இல்லை. மருந்தை எதிர்ப்பது உங்கள் ரத்தமோ நுரையீரலோ இல்லை, உள்ளே இருக்கும் கிருமி. ஒரு மாத்திரைகூடப் போடாத உங்கள் மனைவிக்கு அந்தக் கிருமி தொற்றினால், முதல் நாளிலிருந்தே அவருக்கும் ரிஃபாம்பிசின் கேட்காது. உடம்பு பழகுவதுதான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

டி.என்.ஏ.வைப் பார்த்து, புரதம் செய்வதற்கான நகலான எம்.ஆர்.என்.ஏ. எழுதப்படுவது பிளஸ் டூ பாடம்தான்: ஏ-வுக்கு எதிரே யு, ஜி-க்கு எதிரே சி. எழுதுவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. ரிஃபாம்பிசின் கிருமியின் நொதிக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் எழுதவிடாது. புரதம் இல்லாமல் கிருமி சாகும். நம் செல்களின் நொதி வேறு வடிவம், அதில் இது ஒட்டாது.

அந்த நொதிக்கான மரபணுவில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் மாற்றம் ஒரே ஓர் எழுத்து. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில், பார்த்து எழுதப்படும் இழைக்கு எதிர் இழையில், டிசிஜி இருந்த இடத்தில் டிடிஜி. எம்.ஆர்.என்.ஏ.வில் யுசிஜி, யுயுஜி ஆகிறது. புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் லியூசின் என்ற வேறொன்று வந்து உட்கார, மருந்துக்கு அங்கே பிடி இல்லாமல் போகிறது. ஏறக்குறைய 10 கோடி கிருமிகளில் ஒன்றில் இப்படித் தானாகவே மாறியிருக்கும். நுரையீரலில் குழி விழுந்தவருக்கு அத்தனை கிருமிகள் தாராளமாக இருக்கும். அந்த ஒன்றையும் விடாமல் கொல்லத்தான் ஐசோனியாசிடும் மற்ற மருந்துகளும் சேர்த்துத் தருகிறோம். விட்டுவிட்டுப் போட்டால் மற்றவை செத்து, அது மட்டும் பெருகும்.

ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். எடை கூடியதும் நிறுத்துவதற்கு இது டானிக் இல்லை. சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் முன்பே சொல்லுங்கள், ரிஃபாம்பிசினோடு அதை நம்ப முடியாது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். வேலைக்கு வெளியூர் போகிறீர்களா? சொல்லிவிட்டுப் போங்கள், அங்கேயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்யலாம். அப்புறம், நடுவில் சில நாள் விட்டுப்போயிருந்தால் திட்டுவோம் என்று மறைக்காதீர்கள். எத்தனை நாள் என்று உள்ளபடி சொன்னால்தான் அடுத்து என்ன மருந்து என்று எங்களால் முடிவெடுக்க முடியும்.