ஒயின் மேசையில் ஒரு படிக்கம்

என் தாத்தா வெற்றிலை போடுகிறவர். திண்ணையில் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் படிக்கம் எப்போதும் இருக்கும். பல வருஷம் கழித்து, பிரான்சின் பூர்கோஞ் பகுதியில் ஒரு நிலவறைக்குள் முதன்முதலாகப் போனபோது, கிளாஸ்களுக்கு நடுவே கிட்டத்தட்ட அதே உருவத்தில் ஒன்று இருந்தது. கிராஷ்வார் என்று பெயர் சொன்னார்கள். வேலையும் அதேதான், துப்புவதற்கு.

பாரிஸிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு ஆட்களை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். எந்த ஊரில் எந்த ரகம், எந்த வருஷத்து ஒயின் நன்றாக இருக்கும் என்றெல்லாம் படித்துவிட்டே வருகிறார்கள். இந்தப் படிக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

ஒருமுறை, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவி, மகள், மருமகனோடு வந்திருந்தார். நாங்கள் போன ஊரின் பெயர் போன். கைப்பேசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூர்கோஞ் ஒயின் வியாபாரத்துக்கு அதுதான் தலைநகர். பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலவறை. மேசையைப் பார்த்துவிட்டு, "இது ஐஸ் போடுற பாத்திரமா தம்பி?" என்றார்.

"துப்புறதுக்கு சார்."

"காசு குடுத்துட்டுத் துப்பணுமா?"

அவர் சிரித்தார். அவர் மனைவி முகத்தைச் சுளித்தார். சுளித்ததில் தப்பில்லை. ஒருவர் தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை அவர் கண்ணெதிரே துப்புவது நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் கூசும். சார் எட்டு கிளாஸையும் சொட்டு மிச்சம் வைக்காமல் முடித்தார். மேலே ஏறும்போது ஆறாவது படியில் கால் வழுக்கியது. பின்னால் மருமகன் இருந்ததால் பிழைத்தார். அந்த நிலவறைகளின் படிகள் நடுவில் குழியாகத் தேய்ந்த பழைய கல். ஈரம் காய்வதே இல்லை. கைப்பிடி ஒரு பக்கமாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

துப்பினால் ஊற்றிக் கொடுத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே காலையில் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்துத் துப்பிவிட்டுத்தான் நம்மிடம் வந்திருப்பார். கொள்முதலுக்கு வரும் வியாபாரிகள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான். சொல்லப்போனால் துப்புகிறவரைப் பார்த்ததும் வீட்டுக்காரரின் பேச்சே மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். இவர் சுவை பார்க்க வந்தவர் என்று புரிந்துகொண்டு, பட்டியலில் இல்லாத ஒரு பாட்டிலை உள்ளேயிருந்து எடுத்துவருவார்.

"கொஞ்சம் கொஞ்சம்தானே ஊத்துறாங்க" என்பதுதான் எல்லாரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளாஸில் ஊற்றுவது சுமார் 40 மில்லி. ஓர் இடத்தில் ஐந்து, மதியத்துக்கு மேல் இன்னோர் இடத்தில் ஐந்து என்றால் மொத்தம் 400 மில்லி, அதாவது முழு பாட்டிலில் பாதிக்கும் மேல். 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 40 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் இதை ஒரே மூச்சாக விழுங்கினால் ரத்தத்தில் லிட்டருக்கு 0.8 கிராம் அளவுக்கு ஏறும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் கூடும். உடம்பு அதை மணிக்கு 0.10 முதல் 0.15 கிராம் என்ற வேகத்தில்தான் இறக்கும். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த வேகம் மாறாது.

பிரான்சில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் எல்லை 0.5 கிராம். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் காவலர்கள் எந்தக் காரணமும் சொல்லாமல் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சைக்கிள்தானே என்றும் நினைக்க வேண்டாம், இந்தச் சட்டம் சைக்கிளுக்கும் உண்டு. வாடகைக் காரில் வருகிற தம்பதிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இன்று யார் ஓட்டுவது? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், காரை விட்டுவிட்டு ரயிலில் வரச் சொல்லிவிடுவேன். பாரிஸிலிருந்து ஷாம்பெய்ன் பகுதியின் ரான்ஸ் நகரத்துக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம், பூர்கோஞ் பகுதியின் திஜோனுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

சரி, எப்படித் துப்புவது? ஒரு சின்ன வாய் எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறமும் படும்படி ஐந்தாறு விநாடி புரட்டுங்கள். அப்புறம் பாத்திரத்தை நோக்கி நன்றாகக் குனிந்து, உதட்டைக் குவித்து, ஒரே கோடாக விடுங்கள். தயங்கித் தயங்கித் துப்பினால்தான் முகவாயில் வழியும். முந்தின நாள் விடுதிக் குளியலறையில் தண்ணீரை வைத்து நாலு தடவை பழகிவிட்டால் போதும். வெள்ளைச் சட்டை வேண்டாம். செண்டும் வேண்டாம், அது மேசையில் இருக்கும் எல்லாருடைய மூக்கையும் கெடுக்கும். எல்லார் முன்னாலும் கூச்சமாக இருந்தால் கையில் ஒரு காகிதக் கோப்பை வைத்துக்கொண்டு அதில் துப்பலாம். கிளாஸில் மிச்சமானதைப் பாத்திரத்தில் கொட்டுவதும் சகஜம்தான். இன்னொன்று, துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதனால் ஓட்டுகிறவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெறும் வயிற்றில் வருவது இன்னொரு தொல்லை. கிராமப்புறத்தில் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டைத் தவறவிட்டவர்கள் நேராக ஒயினுக்கு வந்து நிற்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. ஆல்கஹால் சர்க்கரையை மேலும் இறக்கும், வியர்வையும் தள்ளாட்டமும் வரும். பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்துவிடுவார்கள். என் வண்டியில் ஒரு அம்மாவுக்கு அப்படி ஆனபோது நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவருடைய மகன்தான் பைக்குள் கைவிட்டு மிட்டாயைத் தேடினார். அன்றிலிருந்து வண்டியில் ஆப்பிள் ஜூஸும் ரொட்டியும் எப்போதும் இருக்கும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்குள் இறங்கியதும் கை சும்மா இருக்காது. குலை கண்ணெதிரே தொங்கும், ஒன்று பறித்து வாயில் போடத் தோன்றும். இங்கே ஒரு பழைய கதை உண்டு. போர்தோவுக்குப் பக்கத்தில் மெதோக் என்ற பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வைத்திருந்தார்களாம். 1882இல் அந்த வழியே போன மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர், ஊரெல்லாம் பூஞ்சை நோயில் இலை உதிர்த்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் கவனித்தார். 1885இல் அதை நோய்க்கு மருந்தாக அறிவித்தார். நம் ஊர் விவசாயிகளும் அடிக்கிற போர்டோ கலவை பிறந்த கதை இதுதான். இயற்கை முறைத் தோட்டங்களிலும் இன்றைக்கும் தாமிரம் அடிக்கிறார்கள். மற்ற தோட்டங்களில் அடிக்கும் மருந்துகளில் சிலவற்றுக்கு, அடித்த பிறகு 48 மணி நேரம் வரை வேலையாட்களே உள்ளே போகக் கூடாது. எந்த வரிசையில் எப்போது அடித்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? பறித்துத்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டுக்காரர் கையால் பறித்துக் கொடுக்கட்டும்.

கேட்காமல் வரிசைக்குள் நுழைவதையும் விட்டுவிடுங்கள். வோன் ரொமனே கிராமத்தில் ரொமனே கோந்தி என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மொத்தமே 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். அதன் ஒரு பாட்டில் பல லட்சம் ரூபாய்க்குப் போகும். ஓரத்தில் ஒரு கல் சிலுவையும், இடுப்பளவு கூட இல்லாத ஒரு சுவரும், தயவுசெய்து சாலையிலேயே நில்லுங்கள் என்ற அறிவிப்பும். அவ்வளவுதான் காவல். அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்க நினைத்த எங்கள் ஆட்களை நானே இறக்கிவிட்டிருக்கிறேன்.

ஊரில் நட்டுவைக்கலாம் என்று கொடியில் ஒரு குச்சியை ஒடிக்கிறவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பூச்சிதான் பிரான்சின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அமெரிக்க வேரின் மேல் ஒட்டுக்கட்டித்தான் மீட்டார்கள், இன்றும் அப்படித்தான் நடுகிறார்கள். குச்சியை ஒடிப்பதைப் பார்த்தால் அவர்கள் முகம் ஏன் கறுக்கிறது என்று இப்போது புரியும். இந்திய விமான நிலையத்திலும் சான்றிதழ் இல்லாத செடியை விட மாட்டார்கள்.

இதுவரை சொன்னவற்றில் நான் குரலை உயர்த்தியதில்லை. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை முடிந்து சாறு புளிக்கிற கூடங்களுக்குள் மட்டும் உயர்த்துவேன். ஒரு லிட்டர் சாறு ஒயினாக மாறும்போது 40 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடும் தொட்டிக்குள்ளும் பள்ளங்களிலும் தேங்கும். நிறமும் கிடையாது. நம் ஊரில் பாழ்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, அதே மாதிரி இங்கே பழைய ஆட்கள் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். இப்போது கருவி வந்துவிட்டது. தொட்டிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்தே வைத்திருங்கள். உள்ளே ஒருவர் மூச்சுத் திணறி மயங்கி விழுந்துவிட்டால் தூக்கப் போகிறவரும் விழுவார். வெளியே ஓடி வந்து ஆட்களைக் கூப்பிடுவதுதான் செய்யக்கூடியது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் லேபிளில் சல்ஃபைட் (ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது) என்ற சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்ணின் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட குறியும் பிரான்சில் விற்கும் பாட்டில்களில் இருக்கும். அவர்கள் சுவை கூடப் பார்க்க வேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஒயின் கிடையாது. பல இடங்களில் திராட்சைச் சாறு வைத்திருப்பார்கள், முதலிலேயே சொல்லிவிட்டால் எடுத்து வைப்பார்கள்.

கடைசியாக, பாட்டில். இந்தியாவுக்கு ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகக் கூடியது 2 லிட்டர். ஒயின் பாட்டில் முக்கால் லிட்டர். இரண்டு போனால் ஒன்றரை, மூன்றாவது வைத்தால் கால் லிட்டர் மீறும். தோட்டத்தில் வாங்கியதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டிக்குள் துணிக்கு நடுவே சுற்றி வைக்க வேண்டும். கோடையில் கார் டிக்கியில் அரை நாள் கிடந்தால் ஒயின் சூடேறிக் கார்க்கையே வெளியே தள்ளும்.

அந்த ஓய்வு பெற்ற சார் இந்தக் கணக்கையெல்லாம் கேட்காமல் மூன்று பாட்டில் வாங்கியிருந்தார். விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது பெட்டியைத் திறந்து மூன்றாவதை என் கையில் வைத்து, "நீங்க வச்சுக்கோங்க தம்பி, துப்பாம குடிங்க" என்றார். சமையலறை அலமாரியில் இன்னும் திறக்காமல்தான் இருக்கிறது. எந்த நாளில் திறக்கலாம் என்று பார்த்தாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.