நகரத்து இரவும் பறவையின் திசைகாட்டியும்

"இலையுதிர்காலத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வலசை போகுமாமே, எங்கள் நகரத்தில் ஒன்றையும் காணோமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பகலில் அண்ணாந்து பார்த்தால் ஏமாற்றம்தான். கதிர்க்குருவி, பூங்குருவி போன்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. வடகாற்று வீசிய இரவுக்கு மறுநாள் விடியலில் பூங்கா மரங்களைப் பாருங்கள். இறங்கி இரை தேடிக்கொண்டிருக்கும்.

நகர வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றும் ஒளிக்கற்றைகளால் 7 இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டதாக 2017-இல் வெளியான ரேடார் ஆய்வு கணித்தது. விளக்கை அணைத்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

ஒளியைவிட என்னை ஈர்ப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை: நகரத்தின் மின்காந்த இரைச்சல். பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசையறியும் பறவையை அது குழப்புகிறது. அதைப் புரிந்துகொள்ளப் பறவையின் விழித்திரைக்குள் போக வேண்டும். அங்கே கிரிப்டோகுரோம் என்றொரு புரதம். நீல ஒளி பட்டதும் அதற்குள் ஓர் எலக்ட்ரான் இடம் தாவ, இணை பிரிந்த இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராகவும் ஒரே பக்கமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். பூமியின் காந்தப்புலம் எந்தக் கோணத்தில் வருகிறதோ அதற்கேற்ப இந்தத் தாளம் மாறுகிறது. விளையும் வேதிப்பொருளின் அளவும் மாறுகிறது. பூமியின் புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மட்டுமே! ஒரு வேதிப்பிணைப்பை முறிக்க அதற்குத் துளியும் வலுவில்லை. ஆனாலும் இரண்டு எலக்ட்ரான்களின் தாளத்தை மாற்றப் போதும். ஐரோப்பிய ராபின் என்ற சிறு வலசைப் பறவையின் கிரிப்டோகுரோம்-4 என்ற வகை இப்படிக் காந்தப்புலத்தை உணர்வதை 2021-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். உயிருள்ள கண்ணிலும் இதுவே நடக்கிறது என்பது இன்னும் கருதுகோள்தான். இருப்பதிலேயே வலுவான கருதுகோள்.

இத்தனை நுட்பமான கருவி நகரத்தில் என்ன பாடுபடும்? ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் ஹென்ரிக் மௌரிட்சன் குழு ராபின்களை மரக்குடில்களுக்குள் புனல் கூண்டுகளில் விட்டது. வலசைப் பருவத்தில் அடைபட்ட பறவைகள் போக வேண்டிய திசையை நோக்கித் தாவித் தாவிக் கீறும். இவையோ மனம்போனபடி கீறின. மின்காந்த இரைச்சல் உள்ளே வராதபடி குடிலை அலுமினியத் தகட்டால் மூடி எர்த் கொடுத்ததும் திசை தெளிந்தது. எர்த்தைக் கழற்றினால் மறுபடி குழப்பம். அந்த இரைச்சலுக்கு வெகுதூரத்தில் சோதித்தபோது தகடே தேவைப்படவில்லை. முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. குருவியின் கீறலை எண்ணுவதற்கா பணம் என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. நான் நிதி ஒதுக்குபவனாக இருந்தால் முதலில் இதற்குத்தான் கொடுப்பேன்.

மேகமற்ற இரவில் விண்மீன்களும் வழிகாட்டும். நகரத்தின் மேல் அவையும் மங்கல்.

செல்போன் கோபுரங்கள் சிட்டுக்குருவிகளைக் கொன்றுவிட்டன என்போர் மட்டும் இந்த ஆய்வைத் துணைக்கு இழுக்க வேண்டாம். அந்தத் தகடு தடுத்ததாக அளந்து காட்டியது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலை, ஏ.எம். வானொலியும் அதன் அக்கம்பக்கமும் அதில் அடங்கும். செல்போன் அலைகளோ நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. சிட்டுக்குருவி பெரும்பாலும் வலசை போவதும் இல்லை.