நூல்கடை போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லாட் நம்பர்

ஓய்வு பெறப்போகும் ஆசிரியைகளும் குரோஷே பொம்மை பின்னி வாட்ஸ்அப்பில் விற்கும் இளம்பெண்களும் கடைக்கு வரும்போது என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, நானும் ஒரு நூல்கடை போடலாம்னு இருக்கேன். எவ்வளவு முதல் வேணும்?"

முதல் எவ்வளவு என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அது எந்த அலமாரியில் போய் மாட்டிக்கொள்ளும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பக்கம் மாமியார் தொடங்கிய சின்னக் கடையைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். பக்கத்தில் இருந்த நூல்கடைகள் மூடியதையும் பார்த்திருக்கிறேன். கூட்டம் வராமல் மூடியவை குறைவு. அலமாரி நிறைய நூல் இருந்தும், விற்கக்கூடிய நூல் இல்லாமல் மூடியவைதான் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரக டபுள் நிட் (நடுத்தரத் தடிமன்) நூல், ஷேடு கார்டில், அதாவது நிற மாதிரி அட்டையில், 40 நிறம். மொத்த வியாபாரி பந்துகளைச் சில்லறையாகத் தரமாட்டார், பாக்கெட்டாகத்தான் தருவார். பாக்கெட்டுக்கு 100 கிராம் பந்து 10 என்று வையுங்கள். நிறத்துக்கு ஒரு பாக்கெட் எடுத்தால் 400 பந்து. அலமாரி வானவில் மாதிரி இருக்கும், புகைப்படம் எடுத்துப் போடலாம். இப்போது ஒரு அம்மா வந்து தன் கணவருக்கு ஜெர்சி (ஸ்வெட்டர்) பின்ன மெரூனில் 6 பந்து வாங்கிப் போகிறார். மீதி 4. அந்த நாலில் இன்னொரு பெரியவர் ஜெர்சி வராது. சரி, இன்னொரு பாக்கெட் வரவழைக்கலாம் என்றால், வருவது வேறு லாட், நிறம் ஒத்துப்போகாது. 40 நிறமும் இதே மாதிரி ஓடினால் 160 பந்து நின்றுபோகும். போட்ட பணத்தில் 100க்கு 40 அலமாரியில் தூங்குகிறது. விற்ற 240 பந்தின் லாபம் அதற்கே சரியாகிவிடும்.

லாட் என்பது ஒரே தொட்டியில் ஒரே தடவை சாயம் ஏற்றிய நூல். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் அதற்குத் தனி எண் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் லாட் எண் மாறினால் சாயம் இம்மி அளவு மாறும். பந்தாக இருக்கும்போது தெரியாது. பின்னி முடித்து வெயிலில் போட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு கிழித்த மாதிரி தெரியும். கடையின் டியூப்லைட்டில் ஒருபோதும் நிறம் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். (கரண்ட் கட் நாட்களில் எல்லாரும் வாசலில் நின்றுதான் நூல் பார்த்தார்கள், அந்த ஒரு நல்லது அதனால் நடந்தது.) இரண்டு லாட்டைக் கலந்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு வரிசை ஒரு பந்து, அடுத்த இரண்டு வரிசை மற்ற பந்து என்று மாற்றி மாற்றிப் பின்னச் சொல்லுங்கள். வித்தியாசம் பரவிப்போய்க் கண்ணை உறுத்தாது.

அதனால் என் யோசனை, நிறத்தைக் குறையுங்கள், ஆழத்தைக் கூட்டுங்கள். வெள்ளை, கறுப்பு, கருநீலம், உங்கள் வட்டாரப் பள்ளிகளின் ஜெர்சி நிறங்கள். இவற்றில் ஒரே லாட்டில் மூன்று நான்கு பாக்கெட் வையுங்கள். குழந்தை நூலில் மட்டும் மென்நிறங்கள் தாராளமாக இருக்கட்டும். குழந்தைக்கு ஒரு மேட்டினிக்கு (முன்திறப்பு வைத்த குட்டி ஸ்வெட்டர்) ஒன்றிரண்டு பந்து போதும், மீதியிலும் இன்னொன்று வந்துவிடும். ஊதாவும் கடுகு மஞ்சளும் கண்ணுக்கு அழகுதான். கேட்டால் வரவழைத்துக் கொடுங்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு.

அப்படியும் மீதி சேரும். இந்த ஊரில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2013 டிசம்பரில் கேரொலின் ஸ்டெய்ன் தொடங்கிய 'நெல்சன் மண்டேலா நாளுக்கு 67 போர்வைகள்' இயக்கம் இல்லாதவர்களுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு, மண்டேலா பிறந்தநாளான ஜூலை 18 நெருங்க நெருங்கச் சதுரம் பின்னுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 20 செ.மீ. சதுரம் 64 சேர்த்தால் 160 செ.மீ.க்கு 160 செ.மீ. போர்வை ஆகிவிடும். அதற்கு லாட்டும் வேண்டாம், ஒரே நிறமும் வேண்டாம். மே மாதமே மீதிப் பந்துகளைக் கூடையில் கொட்டி எடைக்கு விற்றுவிடுங்கள். தேவாலயக் குழுக்களிலிருந்து வரும் கோகோக்கள் (ஜூலுப் பாட்டிமார்கள்) அள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்கள் காவடி நேரத்திலும், ஈஸ்டரை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழா நேரத்திலும் பருத்தி நூல் கேட்டு வருவார்கள். பெரிய லாபம் இல்லை, ஆனால் அதையும் வாங்கி வையுங்கள்.

ஒரு நூலுக்கு மாற்றாக இன்னொன்று கொடுக்கும்போது கிராமைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 100 கிராம் அக்ரிலிக் டபுள் நிட் 300 மீட்டர் அளவுக்கு ஓடும். அதே 100 கிராம் மெரினோ கம்பளி 225 மீட்டர் அளவில் நின்றுவிடும். அக்ரிலிக் கணக்கில் 6 பந்து எழுதிய பேட்டர்னுக்கு மெரினோ 8 பந்து வேண்டும். ஆறோடு அனுப்பினால் ஒரு பக்கக் கை பின்னாத ஜெர்சியோடு திரும்பி வருவார்கள், அப்போது அந்த லாட் இருக்காது.

லேபை (lay-by), அதாவது தவணையில் பணம் கட்டி முடிக்கும்வரை பொருளை ஒதுக்கி வைப்பது, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு பந்துக்கும் சேர்த்து ஒரே நாளில் பணம் கட்ட எல்லாராலும் முடியாது. மாதம் இரண்டு பந்துக்குக் கட்டுகிறேன், அந்த லாட்டை ஒதுக்கி வையுங்கள் என்பார்கள். நூல்கடைக்கு இதைவிட நல்ல வியாபாரம் இல்லை. ஆனால் 2011 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். முழுப் பணம் கட்டி எடுத்துப் போகும்வரை அந்த நூல் உங்கள் பொறுப்பு. ஒதுக்கி வைத்ததை உங்களால் கொடுக்க முடியாமல் போனால், அதே தரத்திலோ அதைவிட மேலான தரத்திலோ பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று வாடிக்கையாளர் கேட்கலாம். உங்கள் கையை மீறிய காரணம் என்றால் கட்டிய பணத்தை வட்டியோடு கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொருவருக்கு விற்றுவிட்டீர்கள் என்றால் கட்டியதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே லேபை பைகளுக்குத் தனி அலமாரி, பையின் மேல் பெயர், நிறம், லாட் எண், கட்டிய தொகை. உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எந்தப் பை யாருடையது என்று அவளுக்கும் தெரிய வேண்டும் என்கிறேன்.

காப்பீடு எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை இன்னொரு முறை புரட்டுங்கள். கலவரத்தில் கடை கொள்ளை போனாலோ எரிந்தாலோ சாதாரணக் கடைக் காப்பீடு பணம் தராது. அதற்கு அரசின் சஸ்ரியா என்ற தனிக் காப்பீடு இருக்கிறது, உங்கள் காப்பீட்டாளர் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஜூலையில் டர்பனில் நடந்த கலவரத்தைப் பார்த்த பிறகும் சஸ்ரியா இல்லாமல் வருடாவருடம் புதுப்பிக்கிற கடைக்காரர்களை எனக்குத் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளம் வேறு கதை. அதற்குச் சஸ்ரியா உதவாது, வெள்ளம் உங்கள் சாதாரணப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தட்டில் எப்போதும் அக்ரிலிக்கை வையுங்கள், கம்பளியும் மொஹேரும் (அங்கோரா ஆட்டு முடி நூல்) மேலே. லேபிள் நனைந்து கிழிந்த பந்தை நல்ல விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

மொஹேர் என்றதும் ஒன்று. உலக மொஹேரில் பாதி அளவு இந்த நாட்டிலிருந்து, பெரும்பாலும் ஈஸ்டர்ன் கேப் கரூ பகுதியிலிருந்து போகிறது. 1838இல் துருக்கியிலிருந்து அங்கோரா ஆடுகள் வந்தபோது கிடாய்களை மலடாக்கி அனுப்பினார்களாம், கூட வந்த ஒரு பெட்டை வயிற்றில் குட்டி இருந்ததால் இனம் தங்கியது என்பார்கள். அங்கோரா என்ற பெயரில் விற்கும் நூல் வேறு, அது முயல் முடி. வாடிக்கையாளர் குழம்புவார், நீங்கள் குழம்பக் கூடாது. 2018இல் பண்ணைகளில் ஆடுகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய வீடியோ வெளியாகி, வெளிநாட்டுக் கடைகள் பல மொஹேரையே நிறுத்திவிட்டன. 2020 முதல் பண்ணைகளுக்குப் பொறுப்பான மொஹேர் தரச்சான்று இருக்கிறது. இளையவர்கள் இதைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள், ஆர்டர் போடும்போதே மொத்த வியாபாரியிடம் சான்றைக் கேளுங்கள்.

டர்பன் குளிர் ஜூனில் தொடங்கி ஆகஸ்டோடு முடிந்துவிடும். கம்பளி ஆர்டரை பிப்ரவரியில் கொடுத்தால்தான் மே மாதம் அலமாரியில் இருக்கும். செப்டம்பரில் மிஞ்சியதை வாங்கிய விலைக்காவது தள்ளிவிடுங்கள். நம் கோடையின் ஈரத்தில் பூச்சியும் பூசணமும் சேர்ந்து வரும், பூச்சி கம்பளியையும் மொஹேரையும்தான் தேடித் தின்னும். விற்காமல் தங்கியதை லாட் வாரியாக இறுக்கமான பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பழைய இருப்பை மலிவாக வாங்கினால், அலமாரியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் போட்டு எடுங்கள், வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள்.