விமானியின் தவறா, கருவிக் கோளாறா: விசாரணை விதியும் இழப்பீட்டு உரிமையும்

பயணிகள் விமானம் ஒன்று விழுந்த மறுநாளே விமானியின் தவறா, கருவிக் கோளாறா என்ற சர்ச்சை தொடங்கிவிடுகிறது. ஆனால் விபத்துக் காரணத்தை ஆராய்வதற்கு ஒரு விதியும், உறவினருக்குப் பணம் கொடுப்பதற்கு வேறொரு விதியும் இருக்கின்றன.

முதலாவது, 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் பின்னிணைப்பு. இதன்படி விபத்து நிகழ்ந்த நாடு விசாரணையை நடத்தும். விமானத்தைப் பதிவுசெய்த, இயக்கிய, வடிவமைத்த, தயாரித்த நாடுகள் தத்தம் பிரதிநிதியை அனுப்பலாம். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே தவிர, யார் மீதும் பழி சுமத்துவதன்று என்று அந்த விதியே சொல்கிறது. ஆகவே இறுதி அறிக்கை தீர்ப்பு ஆகாது. செய்தித் தலைப்புகள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

1997 டிசம்பர் 19 அன்று ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட சில்க்ஏர் 185 விமானம் இந்தோனேசியாவின் மூசி ஆற்றில் விழுந்து 104 பேர் இறந்தனர். விமானம் செங்குத்தாகப் பாயத் தொடங்குவதற்கு முன்பே கறுப்புப் பெட்டிகள் இரண்டும் பதிவை நிறுத்தியிருந்தன. காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை என்றது இந்தோனேசிய விசாரணைக் குழு. விமானியே வேண்டுமென்று செய்ததாகத் தெரிகிறது என்றது, விமானத்தைத் தயாரித்த நாடான அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். சுக்கானை இயக்கும் வால்வைத் தயாரித்த நிறுவனமே பொறுப்பு என்றது 2004இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி. அமெரிக்க வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சான்றாக வைக்க அந்நாட்டுச் சட்டம் இடம்கொடுப்பதில்லை.

இரண்டாவது விதி இழப்பீடு பற்றியது: சர்வதேசப் பயணத்துக்கு அதை 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை வகுக்கிறது. இறப்புக்கோ உடற்காயத்துக்கோ நிரூபிக்கப்படும் இழப்பில், ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் உள்ள வரம்பு) 'எங்கள் மீது தவறில்லை' என்று விமான நிறுவனம் கைவிரிக்க முடியாது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, தன் தரப்பில் கவனக்குறைவு இல்லை என்றோ, முழுத் தவறும் பிறருடையது என்றோ நிறுவனமே நிரூபிக்க வேண்டும். விமானி அதன் ஊழியர் என்பதால் கருவிக் கோளாறு என்ற முடிவே அதற்குச் சாதகம். தயாரிப்பாளருக்கோ நேர் எதிர். கொடுத்த பணத்தைத் தயாரிப்பாளரிடம் திரும்பக் கேட்கும் உரிமையும் விமான நிறுவனத்துக்கு உண்டு.

வழக்குத் தொடுக்கும் கெடு, விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு. இறுதி அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து: 2019 மார்ச்சில் விழுந்த எத்தியோப்பியன் 302 விமானத்தின் இறுதி அறிக்கை 2022 டிசம்பரில்தான் வந்தது.