சொல் விளக்கம்: பிசிஷியன் அசிஸ்டன்ட் மருந்து எழுதலாமா?

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரிடம் திருநெல்வேலிப் பக்கம் கேட்பது, “டாக்டர் என்ன மருந்து எழுதித் தந்தாவ?” என்றுதான். ஊசி போடுகிறவர் வேறு, மாத்திரையை எடுத்துத் தருகிறவர் வேறு, எழுதித் தருகிறவர் வேறு என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எழுதுவது டாக்டர் வேலை. இப்போது தனியார் மருத்துவமனைகளில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக இன்னொருவரும் கட்டிலருகே வருகிறார். பழைய நோய் விவரம் கேட்கிறார், பி.பி. பார்க்கிறார், கேஸ் ஷீட் எழுதுகிறார். நோயாளிக்கு அவரும் டாக்டர்தான். ஆனால் அவர் பிசிஷியன் அசிஸ்டன்ட். அவர் மருந்தும் எழுதலாமா, எழுதினால் யார் பொறுப்பு என்பது பல நாடுகளில் சட்டப் பிரச்சினையாகியிருக்கிறது.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். ‘பிசிஷியன்’ என்பதற்கு மூலம், இயற்கையைக் குறிக்கும் ‘ஃபூசிஸ்’ என்ற கிரேக்கச் சொல். ‘அசிஸ்டன்ட்’ என்பது லத்தீனிலிருந்து வந்தது. பக்கத்தில் நிற்பவர் என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஒரு தொழிலின் பெயரானது 1965இல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்திருந்த நான்கு பேரைக் கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கினார். பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். இந்தியாவுக்கு இந்தப் படிப்பு 1992இல் வந்தது. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டில் இது பி.எஸ்சி. பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள்.

நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் இவரைக் கம்பவுண்டரோடு சேர்த்துப் பேசுவார்கள். அது பொருந்தாது. கம்பவுண்டர் என்றால் கலப்பவர். டாக்டர் எழுதியதைப் பார்த்து மருந்தைக் கலந்து, பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு வீதம் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டி, “இந்தக் கோடு வரைக்கும் ஒரு வேளை” என்று காட்டிக் கொடுத்தவர் அவர். பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பதோ நோயாளியைப் பரிசோதிக்க, ஆய்வக முடிவுகளைப் படிக்க, சிகிச்சை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பார்க்க. அவர் நிற்பது டாக்டருக்குப் பக்கத்தில். கம்பவுண்டர் நின்றது மருந்துக்குப் பக்கத்தில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மருத்துவ உதவியாளர்’ என்று எழுதினால் 108 ஆம்புலன்சில் வருகிறவரோடு குழம்பும். செய்தித்தாள்கள் அவரை அப்படித்தான் எழுதுகின்றன. ‘துணை மருத்துவர்’ என்பது இன்னும் மோசம், டாக்டருக்கு அடுத்த படியில் இருக்கும் இன்னொரு டாக்டர் என்று தோன்றிவிடும். நான் பரிந்துரைப்பது ‘மருத்துவர் உதவியாளர்’. அந்த ‘ர்’ விடுபடக் கூடாது. யாருக்கு உதவியாளர், யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அந்த ஓர் எழுத்துதான் சொல்கிறது.

பழந்தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்றும் இருக்கிறது. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்பது திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள். ‘உழை’ என்றால் பக்கம். அரசன் பக்கத்தில் இருக்கும் அமைச்சனையும் வள்ளுவர் ‘உழையிருந்தான்’ என்கிறார். மருந்தைப் பிழையில்லாமல் செய்தோ கொடுத்தோ துணை நிற்பவன் என்று உரைகள் இந்த நான்காமவனை விளக்குகின்றன. பக்கத்தில் நிற்பவர் என்ற லத்தீன் பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. அன்றாடப் புழக்கத்துக்கு இது கடினம் என்பதால் ‘மருத்துவர் உதவியாளர்’ போதும். ஆனால் தீர்ப்பவனையும் உழைச்செல்வானையும் வள்ளுவர் தனித்தனியாக எண்ணியது இந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த சொல் ‘பிரிஸ்கிரிப்ஷன்’. இதுவும் லத்தீன், முன்கூட்டி எழுதுவது. மருந்து கைக்கு வருவதற்கு முன் எழுத்து வர வேண்டும். இதைப் ‘பரிந்துரை’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. பரிந்துரையை ஏற்கலாம், விடலாம். கடைக்காரர் இந்தச் சீட்டை அப்படி நடத்த முடியாது. தாளுக்கு ‘மருந்துச் சீட்டு’, செயலுக்கு ‘மருந்து எழுதுதல்’ என்று மக்கள் சொல்வதே சரியானது.

சட்டமும் அந்த எழுத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளின்படி, எச் அட்டவணை மருந்துகளை விற்கப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். அதில் கையெழுத்தும் தேதியும் நோயாளியின் பெயர், முகவரியும் மருந்தின் அளவும் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஒரு மருந்துக்கடையில் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றை வாங்கிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அது இன்னும் கடுமையான கட்டுப்பாடுள்ள எச்1 அட்டவணை மருந்து. விற்றால் எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு மூன்று ஆண்டு இருக்க வேண்டும். அங்கே மருத்துவர் உதவியாளரின் பெயரை எழுத இடம் கிடையாது.

2021இல் வந்த துணைநிலை, சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலைப் பட்டியலில் சேர்த்து அங்கீகரித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் பெயர் வந்ததாலேயே மருந்து எழுதும் அதிகாரம் வந்துவிடாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ‘சமூக சுகாதார வழங்குநர்’ என்ற இடைநிலைப் பணியாளருக்கு ஒரு வழி வைத்தது. குறிப்பிட்ட மருந்துகளை ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் மட்டும் தாமாக எழுதலாம். மற்றபடி மருத்துவர் மேற்பார்வையில்தான். அதே சட்டத்தில், பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

வெளிநாட்டு நிலவரம் சுருக்கமாக: அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இவர்கள் மருந்து எழுதலாம், கடைசியாக 2007இல் இந்தியானா அனுமதித்தது. பிரிட்டனில் எழுத முடியாது. பெயரும் எதிரெதிராகப் போகிறது. இந்தத் தொழிலினரின் அமெரிக்கச் சங்கம் 2021இல் ‘அசோசியேட்’ என்று மாற்றத் தீர்மானித்தது. பிரிட்டனிலோ, ‘அசோசியேட்’ என்பதை விட்டு ‘அசிஸ்டன்ட்’ என்றே அழையுங்கள், நோயாளிகள் டாக்டர் என்று நினைத்துவிடுகிறார்கள் என்று இந்தத் தொழிலை ஆராய்ந்த லெங் ஆய்வறிக்கை 2025இல் சொன்னது. அந்த அறிக்கை சொல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இதில் சிக்கலான சொல் ‘மேற்பார்வை’. டாக்டர் பாளையங்கோட்டையில் இருக்க, உதவியாளர் களக்காட்டில் எழுதினால் அது மேற்பார்வையா? போனில் பிடிக்க முடிந்தால் போதுமா? காலையில் எழுதியதற்கு மாலையில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. எந்த மருந்து, எந்த அளவு, எந்த நோயாளிக்கு என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் டாக்டர் ஏற்கெனவே முடிவு செய்த மாத்திரையைத் தொடர்ந்து எழுத அனுமதிக்கலாம். புதிய ஆன்டிபயாடிக், அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து, கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ எழுதுவது எல்லாம் டாக்டர் பார்த்த பிறகுதான்.

ஒரேயடியாகக் கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காரையாறு, சேர்வலாறு பக்கத்து மலையில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து ஒரு மாத்திரையை மாற்றி எழுதக் கீழே இறங்கி வருவது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண் எழுதுவதில்லை, எழுதியதைக் கொண்டுவருகிறார். அளவு மாற்ற வேண்டி வந்தால் மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர், வரையறுத்த பட்டியலோடு, அன்றே டாக்டரிடம் பேசி மாற்றி எழுத முடிந்தால் நல்லதுதான்.

அதற்குச் சட்டம் வரும்போது அதைத் தமிழில் ‘மருத்துவர் மேற்பார்வையில் மருந்து எழுதும் அதிகாரம்’ என்றே நீளமாக எழுதட்டும். சுருக்கினால் முதல் இரண்டு சொற்கள்தான் முதலில் காணாமல் போகும். சீட்டிலும் இரண்டு பெயர் வேண்டும்: எழுதிய உதவியாளர் பெயர், பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும். அதுவரை, பதிவு எண் இல்லாத சீட்டு கைக்கு வந்தால் “எந்த டாக்டர் எழுதினாவ?” என்று கேட்டு, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகு கடைக்குப் போங்கள்.