டாகிள் என்றால் காட்டு என்றும் இல்லை, மறை என்றும் இல்லை

விளையாட்டில் ஒரு பொத்தானைச் சொடுக்கினால் பெட்டி மறைகிறது, மறுபடி சொடுக்கினால் திரும்பி வருவதில்லை. நிரலைத் திறந்து பார்த்தால் உள்ளே 'மறை' என்ற ஒற்றைக் கட்டளைதான் இருக்கும், ஆனால் எழுதியவர் அதற்கு டாகிள் (toggle), அதாவது ஒவ்வொரு முறையும் எதிர்நிலைக்கு மாற்று, என்று பெயர் வைத்திருப்பார். சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

டாகிள் கப்பல்காரர்களின் சொல். கயிற்றின் கண்ணியில் செருகி, அது நழுவாமல் பிடிக்கும் சிறு கட்டைக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் இருந்தது. மேலும் கீழும் தட்டுகிற மின்விசைக்கு (சுவிட்ச்) அந்தப் பெயர் பிறகு வந்தது, அங்கிருந்து கணினிக்கு. அந்த விசைக்கு இரண்டே நிலைதான், ஒவ்வொரு தட்டிலும் இப்போது இருக்கும் நிலைக்கு எதிர்நிலைக்குப் போகும். ஆகவே டாகிள் செய்யும் நிரல் முதலில் 'இப்போது எப்படி இருக்கிறாய்?' என்று பொருளைக் கேட்டாக வேண்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோட்டில் (Godot) 'விசிபிள் = நாட் விசிபிள்' (visible = not visible: தெரிந்தால் மறை, மறைந்திருந்தால் காட்டு) என்று எழுதுவது அதைத்தான் செய்கிறது. விசிபிளின் மதிப்பை வேறொரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) எடுத்து வைத்து மாறியை மட்டும் திருப்பினால் நகல்தான் மாறும், திரையில் எதுவும் அசையாது.

சொடுக்கினாலும் ஒன்றுமே நடக்கவில்லையா? ஒரே சொடுக்கு நிகழ்வில் அந்த டாகிள் செயற்கூறு (function) இரண்டு முறை இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டு முறை மாறினால் பழைய நிலையே வந்து நிற்கும். மூன்று முறை இணைந்திருந்தால் சரியாக வேலை செய்வதுபோலவே தெரியும், அதுதான் இன்னும் மோசம். இன்னொரு விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் (Unity) வேறொரு சிக்கல் உண்டு: சொடுக்கைக் கவனிக்கும் நிரலை அந்தப் பொருள் மேலேயே வைத்து, அந்தப் பொருளையே செட்ஆக்டிவ் (SetActive) கட்டளை கொண்டு அணைத்துவிட்டால், அடுத்த சொடுக்கை வாங்க அங்கே ஆளே இருக்காது. நிரலை எப்போதும் விழித்திருக்கும் வேறொரு பொருளுக்கு மாற்றுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வெறும் 'மாற்று' போதாது, நிறம் மாற்றுவதும் மாற்றுதான். 'நிலைமாற்று' பலரும் புழங்கும் சொல், எனக்கும் பிடித்தது, ஆனால் நிலைகள் இரண்டுதான் என்பதை அது சொல்வதில்லை. அதனால் பெயர்ச்சொல்லாக வரும்போது 'இருநிலை மாற்றி' என்றே எழுதுகிறேன். செயற்கூறுக்குப் பெயர் வைக்கும்போது 'தெரிநிலை_திருப்பு' என்று வைக்கிறேன். திருப்பு என்றாலே இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் என்பது வந்துவிடுகிறது அல்லவா?